பன் வண்டி நின்ற இடங்கள்

பைக் ரிப்பேர் பார்க்கிற தொழிலில், நின்றுபோன வண்டியைக்கூட ஓட வைத்துவிடலாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்து எப்போதாவது மட்டும் நிற்கிற வண்டியைச் சரிபண்ணுவதுதான் பெரும்பாடு.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. பாதி வழியில் இரண்டு இருமல் இருமி நின்றுவிடும். மிதிப்பீர்கள், கால் வலிக்க மிதிப்பீர்கள். வேர்த்து விறுவிறுத்து மெக்கானிக் கடைக்கு உருட்டிக்கொண்டு வந்து, "இப்ப பாருங்க" என்று ஒரு மிதி மிதித்தால் டப்பென்று ஸ்டார்ட் ஆகி, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கும். மெக்கானிக் உங்களைப் பார்ப்பார். நீங்கள் வண்டியைப் பார்ப்பீர்கள். அந்த நேரம் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேனே.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், தகரக் கூரை போட்ட கடை எங்களுடையது. எங்கள் வீட்டுக்காரர்தான் மெக்கானிக். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். புது ஆளைப் பார்த்தால் பேச்சு தொண்டையைத் தாண்டி வராது. பிள்ளை பிறந்த பிறகு மத்தியானச் சோறு கொண்டு வருகிற சாக்கில் கடைக்கு வந்தேன். வந்த இடத்தில் பிளக் துடைத்தேன், கார்புரேட்டர் கழுவினேன், பிறகு கழற்றி மாட்டவும் பழகி, அங்கேயே ஒட்டிக்கொண்டேன். கூரைக் கம்பியில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, மகள் அதில் தூங்குவாள். ஓடுகிற வண்டிச் சத்தத்துக்கு அவள் முழிக்க மாட்டாள். ஸ்டார்ட் ஆகாமல் வெறுமனே மிதிக்கிற சத்தம் கேட்டால்தான் அழுவாள்.

வாயே திறக்காத ஒருத்திக்கு வாடிக்கையாளர் வந்து போகிற இடத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொட்டிலில் சொன்ன தகவல்

ஒரு நாள் எங்கள் வீட்டுக்காரர் சாமான் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தார். கோயில் பக்கம் பூக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருத்தர் வண்டியோடு வந்து நின்றார். "எங்க அவன?" என்று கடைச் சுவரைப் பார்த்துக் கேட்டார். தெரியாத பெண்பிள்ளையிடம் முகம் பார்த்துப் பேச அவருக்குச் சங்கடம். எனக்கு அதைவிடச் சங்கடம். தென்காசி இருக்கிற திசையைக் கையால் காட்டினேன். அவரும் அந்தத் திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நேரே தொட்டில் பக்கம் போய்க் குனிந்தார். "ஏட்டி, ஒங்கப்பன் வந்தாம்னா சொல்லு. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு கட் ஆவுது. பெறவு தானா வருது. தோவாளையில இருந்து வந்த பூ அம்புட்டும் வாடிப்போவுது, கேட்டியா?" என்றார். மகள் காலை உதைத்துக்கொண்டு "ஆ" என்றாள். நான் பின்னால் நின்று தலையை ஆட்டினேன். எப்போது கட் ஆகிறது, மேட்டில் ஏறும்போதா, பள்ளத்தில் இறங்கும்போதா, வளைவில் திரும்பும்போதா என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. துடித்ததே தவிர, அசையவில்லை. அண்ணாச்சி சாவியையும் தொட்டிலுக்குள்ளேயே போட்டார். அவள் அதை வாயில் வைப்பதற்குள் நான் பாய்ந்து பிடுங்க, அவள் கத்த ஆரம்பித்தாள். அண்ணாச்சி படி இறங்கிப் போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"இந்தக் கடையில வாயத் தொறந்து பதில் சொல்லுத ஒரே ஆளு நீதாம்ட்டி."

டீக்கடைக்கு முன்னால் ஒரு திருப்பம்

எங்கள் வீட்டுக்காரர் வந்து அந்த வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, ஸ்டார்ட் செய்து விட்டார். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு வண்டிக்குச் செயின் மாட்டி முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு வராத கோளாறு என்றால் கோளாறு இருக்கிற இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். அதற்கு யாராவது வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதுவோ சீசன் நேரம். சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்துக்கு வருகிற வண்டியெல்லாம் எங்கள் வாசலில்தான் வந்து இருமும். அவரால் அசைய முடியவில்லை. "நீ ஒரு சுத்து ஓட்டிட்டு வா" என்றார்.

ஓட்ட எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அச்சன்புதூரில் எங்கள் அண்ணன் வண்டியில் தோப்புக்குத் தேங்காய்ச் சாக்கு ஏற்றிப் போய் வந்தவள்தான். ஆனால் அது வயல் ரோடு. கொக்குதான் பார்க்கும். இங்கே ஊரே பார்க்குமே. சுடிதாருக்கு மேல் அவருடைய பழைய சட்டையை மாட்டி, ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. எப்போதும் பத்துப் பதினைந்து ஆம்பிளைகள் நிற்பார்கள். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று, அதற்கு முன்னாலேயே குறுகிய இடத்தில் வண்டியைத் திருப்பினேன். கட் ஆகிவிட்டது. நேராக்கி மிதித்தேன், வந்தது. கடைப்பக்கம் வந்து மறுபடி திருப்பினேன், கட் ஆனது. டீக்கடைக்குப் பயந்து நான் போட்ட சுற்று ஒவ்வொன்றிலும் அந்த வண்டி அதே மாதிரி நின்றது. ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை மட்டும் வலது பக்கம் முழுசாக ஒடித்தேன். பொசுக்கென்று அணைந்தது.

ஹேண்டில்பார் கழுத்துக்குள் போகிற ஒரு வயர், மேல்தோல் அப்படியே இருக்க, உள்ளே கம்பி அறுந்து கிடந்தது. நேராக இருந்தால் இரண்டு முனையும் தொடும், ஒடித்தால் விட்டுவிடும். எங்கள் வீட்டுக்காரர் ஓட்டியிருந்தால் டீக்கடையைத் தாண்டி, நாலு பேருக்கு வணக்கம் சொல்லி, அகலமான இடத்தில் சாவகாசமாகத் திரும்பி வந்திருப்பார். வண்டி நின்றே இருக்காது. இந்தக் கதையை அவர் அண்ணாச்சியிடம் ஒன்று விடாமல் சொன்னார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மறுபடியும் தொட்டிலுக்குத்தான் போனார்.

"ஏட்டி, ஒங்கம்ம மட்டும் வெக்கப்படலன்னா என் வண்டிக்கு வைத்தியமே கெடையாது போலுக்கே."

அன்றைக்கு ராத்திரி சோறு பிசையும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. அதிலிருந்து ஓட்டிப் பார்க்கிற வேலை என்னுடையது ஆனது.

கூரையைக் கேட்ட பாய்

அந்தச் சாரலில்தான் சாகுல் பாய் வந்தார். வடகரைக்காரர். சவுதியில் ரொட்டி அடுப்பில் வேலை பார்த்துவிட்டு வந்து, ஊரில் சின்னதாக பேக்கரி போட்டிருக்கிறார். விடிவதற்கு முன்னால் பன்னை வண்டியில் ஏற்றி, செங்கோட்டை வழியாகக் குற்றாலத்து டீக்கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். அருவியில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிற கூட்டத்துக்கு முதலில் வேண்டியது சூடாக டீ, அதற்கு ஒரு பன். வருஷம் பூராவும் பாய் வீட்டில் அடுப்பு எரிவது இந்தச் சீசன் யாவாரத்தை நம்பித்தான்.

மழை வந்தால் மூடுவது அவருக்குத் தொழில் பழக்கம். நனைந்த பன்னை யார் வாங்குவார்கள்? பன் பெட்டிக்கு ஒரு பாலிதீன், செல்போனுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று, டேங்க் மூடிக்கு ஒன்று, தலைத் தொப்பிக்கு ஒன்று. சாரலில் அவர் வந்து இறங்கினால் பெரிய பன் பாக்கெட் ஒன்று வந்து இறங்குகிற மாதிரிதான் இருக்கும். எங்கள் கூரைக்குள் நுழைந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றி, உதறி, மடித்து வைத்துவிட்டுத்தான் பேசுவார்.

"மழ பெய்யுத அன்னைக்குத்தான் நிக்குது. வெயில் அடிச்சா குதுர மாதிரி ஓடுது" என்றார். அதைக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் ஒரே பதில்தான் சொல்வான்: எங்கேயோ ஈரம் இறங்கி கரண்டு கசிகிறது. எங்கள் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். முதலில் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, எங்கள் தொழிலில் யோசிக்காமலேயே கை அங்கேதான் முதலில் போகும். பெட்ரோல் இருந்தது. பிளக்கையும் அதன் தொப்பியையும் மாற்றினார். ஒரு மிதியில் ஸ்டார்ட். "சரி ஆயிட்டு பாய், கொண்டு போங்க" என்றார். மறுநாள் மழை. பாய் மறுபடியும் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, பாலிதீனையெல்லாம் கழற்றி உதறிவிட்டு மிதித்தார். முதல் மிதியிலேயே ஓடியது. அவர் கோபப்படவில்லை. மேலே தகரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஒலகம் பூரா நிக்குது, ஒங்க கடையில மட்டும் நிக்க மாட்டேங்குது, இந்தக் கூரையக் கழத்தித் தாங்க தம்பி, வண்டிக்கு மேல கட்டிக்கிடுதேன்."

குளிப்பாட்டிப் பார்த்தது

எங்கள் வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பிளக்குக்குக் கரண்டு கொடுக்கிற காயிலை மாற்றினார். வயர் முழுவதையும் தடவிப் பார்த்து டேப் சுற்றினார். கார்புரேட்டரை நான் கழற்றிக் கழுவி, ஒவ்வொரு ஓட்டையாக ஊதி மாட்டினேன். பிறகு ஓடுகிற இன்ஜின் மேல் குடத்தால் தண்ணீர் ஊற்றினார். ஐந்தருவியில் நிற்கிறவன் மாதிரி அது ஆனந்தமாக ஓடியது. நனைந்தது அவரும் நானும்தான். அவரே சாரலில் பழைய குற்றாலம் வரைக்கும் ஓட்டிப் போய் வந்தார். நிற்கவில்லை. இரண்டாவது முறையாக, "சரி ஆயிட்டு பாய்" என்றார்.

அடுத்த நாள் காலை பாய் வந்தபோது நல்ல வெயில் ஏறிவிட்டது. பெட்டியில் பன் அப்படியே இருந்தது. விடியற்காலைச் சாரலில் செங்கோட்டை தாண்டி நின்றிருக்கிறது. கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது குளித்த கூட்டம் பஸ் ஏறிப் போய்விட்டது. அருவிக்கரையில் பெரிய டீக்கடை வைத்திருக்கிறவர், "இன்னொரு நாள் லேட் ஆச்சின்னா நான் வேன்ல வாரவங்கிட்ட எடுத்துக்கிடுதேன் பாய், தப்பா நெனைக்காதிய" என்று சொல்லிவிட்டாராம். அவர் மாறினால் பக்கத்துக் கடைகளும் மாறும். பாய் பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து, என் மகள் கையில் ஒரு பன்னைக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த நட்டில் போடுவது என்று தெரியாமல் நின்றார். பாய் அவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"என் அடுப்பு இந்த வண்டிய நம்பி, வண்டி ஒங்கள நம்பி; நாளைக்கும் நின்னா பழைய இரும்புக்குப் போட்டுட்டு நானும் திரும்பப் பொட்டியக் கட்டிருவேன் தம்பி."

நான் பேசிய நீளமான பேச்சு

எனக்கு மனசு கேட்கவில்லை. சவுதியில் இருந்த காலத்தில் அவர் பிள்ளைகள் அவரைச் செல்போனில் பார்த்தே வளர்ந்தவை என்று ஒருமுறை சொல்லியிருந்தார். எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வாய் வரவில்லை. அப்போதுதான் பூக்கடை அண்ணாச்சி காட்டிய வழி ஞாபகம் வந்தது. தொட்டிலுக்குள் குனிந்தேன்.

"ஏட்டி, பாய் மாமாகிட்ட கேளு, வண்டி நின்ன ஒடனே மாமா மொதல்ல என்ன செய்வாகன்னு."

அவள் பன்னைச் சப்பிக்கொண்டிருந்தாள். பாய்க்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரும் எழுந்து வந்து தொட்டிலைப் பார்த்தே பதில் சொன்னார். "என்ன செய்வேன்? மேல கட்டுன பாலிதீன எடுத்துட்டு, பெட்ரோல் இருக்கான்னு தொறந்து பாப்பேன்ட்டி. இருக்கும். மூடிட்டு நாலஞ்சு மிதி மிதிச்சா வந்துரும். திரும்பக் கட்டிட்டுக் கெளம்புனா கொஞ்ச தூரத்துல பழையபடி நின்னுரும்."

எனக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று தட்டியது. என்னவென்று பிடிபடவில்லை. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அந்த வண்டி நிற்கிற கோலத்தில் நாங்கள் அதை ஒருமுறைகூடப் பார்த்ததே இல்லை. பாய் தொட்டுவிடுகிறார், இல்லாவிட்டால் நாங்கள் தொட்டுவிடுகிறோம். தொட்டிலை விட்டு நிமிர்ந்தேன். "நாளைக்கு வடகரையில இருந்து நான் ஓட்டுதேன். பன்னு ஏத்தி, நீங்க எப்பவும் எப்படி மூடிக் கட்டுவியளோ அப்படியே கட்டித் தாங்க. நின்னா யாரும் எதையும் தொடப்படாது. எங்க வீட்டுக்காரரும் தொடப்படாது" என்றேன். வாடிக்கையாளர் முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார்.

"ஒண்ணையுமே தொடாம எப்படிட்டி ரிப்பேரு பாப்ப?"

கேட்டுக்கு அந்தப் பக்கம்

மறுநாள் இருட்டு விலகுவதற்கு முன்னாலேயே நல்ல சாரல். கிளம்புகிற அவசரத்தில் மகளுக்குப் பால் பாட்டிலை இறுக்கி மூடிவிட்டேன். அவள் உறிஞ்சி உறிஞ்சி, ரப்பர் உள்ளே ஒட்டி, பால் வராமல் வீடே அதிர அழுதாள். மூடியை ஒரு திருகு தளர்த்தினேன். குபுகுபுவென்று காற்று ஏறி, பால் இறங்கியது. அவளைப் பக்கத்துத் தையல்கடை அக்காவிடம் விட்டுவிட்டு வடகரைக்குப் போனோம். பாய் தன் பழக்கப்படி எல்லாவற்றையும் மூடிக் கட்டித் தந்தார். நான் பன் வண்டியில், எங்கள் வீட்டுக்காரரும் பாயும் பின்னால் எங்கள் வண்டியில்.

செங்கோட்டை ரயில்வே கேட்டை நான் தாண்டினேன். அவர்கள் வருவதற்குள் கேட்டைப் போட்டுவிட்டார்கள். அது தெரியாமல் நான் போய்க்கொண்டே இருந்தேன். சாரல் முகத்தில் அடித்தது. முதுகுக்குப் பின்னால் சுடச்சுடப் பன் வாசனை. இன்றைக்கு நிற்காதோ என்றுகூட நினைத்தேன். அப்போது இரண்டு இருமல், ஒரு குலுக்கல், நின்றேவிட்டது. எங்கே தெரியுமா? ஒரு டீக்கடை வாசலில்.

பத்துப் பேர் வந்துவிட்டார்கள். "பிளக்கக் கழத்தணும்" என்றார் ஒருத்தர். "சோக்கு போடும்மா" என்றார் இன்னொருத்தர். ஆட்டோக்கார அண்ணன் ஒருத்தர் நல்ல மனசோடு, "பெட்ரோலு இருக்கான்னு மொதல்ல பாப்போம்" என்று மூடியைத் திறக்கக் கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் அந்த மூடிக்கு மேல் குடை மாதிரி பிடித்துக்கொண்டேன். "தொடாதீங்கண்ணே" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. எல்லோரும் ஓரடி தள்ளி நின்றார்கள். ஒரு பெண்பிள்ளை, நின்றுபோன வண்டியை ஒன்றும் செய்யாமல், குனிந்து முகர்ந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். பன் வேறு ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை முட்டியது. ஆனாலும் பார்ப்பதை விடவில்லை. ஆட்டோக்காரர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"வண்டியக் கையில வச்சிக்கிட்டு வேடிக்க பாக்குத மெக்கானிக்க நான் இன்னைக்குத்தாம்லே பாக்குதேன்."

பால் பாட்டில்

கடைசியில் என் கைக்கு அடியிலேயே இருந்தது. டேங்க் மூடி மேல் பாய் கட்டியிருந்த பாலிதீன். பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி, அதை மாட்டி இறுக்கியிருந்தார். சாரல் தண்ணீர் ஒரு சொட்டு பெட்ரோலில் இறங்கக்கூடாது என்று ஊறுகாய் ஜாடிக்குக் கட்டுகிற மாதிரி கட்டு. கட்டும்போது மேலே உப்பலாக நின்ற பாலிதீன், இப்போது உள்ளே குழிந்து, மூடியோடு மூடியாக ஒட்டிக்கிடந்தது. காலையில் மகள் உறிஞ்சிய ரப்பர் என் கண் முன்னால் வந்தது.

உங்கள் வண்டியிலும் பாருங்கள், டேங்க் மூடியில் சாவி போடுகிற இடத்துப் பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, பால் பாட்டில் கதைதான். மழை நாளில் மட்டும் நின்றதற்குக் காரணம் மழை இல்லை. மழைக்குப் பயந்து போட்ட மூடாக்கு. கடையில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்காததற்குக் காரணம், கூரைக்குள் வந்ததும் பாய் அதைக் கழற்றிவிடுவார். பெட்ரோல் பார்க்க மூடியைத் திறந்தவர்கள் எல்லோரும், தங்களுக்கே தெரியாமல், கோளாறைத் திறந்து விரட்டிவிட்டுத்தான் கோளாறைத் தேடியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரரும் பாயும் கேட்டைத் தாண்டி வந்து சேர்ந்ததும், அவர்கள் கண் முன்னால் டியூப் வளையத்தைத் தளர்த்தினேன். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். மிதித்தேன். ஓடியது. ஆட்டோக்காரர் டீயைக் குடிக்க மறந்து நின்றார். பேச நேரமில்லை, பன் இருந்தது. மூடாக்கு இல்லாமலேயே ஓட்டினேன். அருவிக்கரைக் கடையில் பாய் பெட்டியை இறக்கும்போது குளித்த கூட்டம் அப்போதுதான் துண்டைப் பிழிந்துகொண்டு வந்தது. கடைக்காரர் பெட்டியைத் திறந்தார். இரண்டு பன்னைப் பிட்டு முதல் ஆளுக்கு டீயோடு நீட்டினார். பாய் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு எங்களுக்கும் டீ வாங்கித் தந்தார். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, முதல் முறையாக, நான் டீ குடித்தேன்.

ஆனால் ஒருமுறை ஓடினால் மட்டும் சரியானதாக நாங்கள் ஒத்துக்கொள்வதில்லை. போன கோளாறைத் திரும்பக் கூப்பிட வேண்டும்; அது வந்தால்தான் பிடித்தது அதுதான் என்று அர்த்தம். திரும்பும்போது மறுபடியும் பாலிதீனை இறுக்கிக் கட்டச் சொன்னேன். இலஞ்சி வந்ததும் இரண்டு இருமல் இருமியது. எங்கள் வீட்டுக்காரர் ரோட்டோரம் நின்று, குழிந்துகிடந்த அந்தப் பாலிதீனை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் வெட்கம், அதைவிடக் கூடுதலாகச் சிரிப்பு.

"பிளக்கப் பாத்தேன், காயிலப் பாத்தேன், கார்புரேட்டரப் பாத்தேன், நம்ம வீட்டுப் பால் பாட்டில மட்டும் பாக்காம விட்டுட்டேன் பாய்."

தொடாமல் வந்த வண்டிகள்

பாய்க்கு மூடாமல் இருக்க மனசு வரவில்லை. பன் யாவாரிக்கு அது முடியாது. தையல்கடை அக்கா ரெக்சினில் ஒரு குட்டிக் குடை தைத்துத் தந்தாள். மேலே தண்ணீர் வழிந்துவிடும், அடியில் காற்றுக்கு வழி இருக்கும். அந்தச் சீசன் முடிகிற வரைக்கும் பாய் வண்டி வழியில் நிற்கவில்லை. வேன்காரர் பெரிய டீக்கடை வாசல் வழியாகத் தினமும் போனார், நிறுத்தவில்லை. பாய் பெட்டி கட்டுகிற பேச்சையும் அதோடு விட்டார்.

ஆனால் பாய் வேறொரு காரியம் செய்தார். வடகரையிலும் செங்கோட்டையிலும் பழைய வண்டி வைத்திருக்கிற ஒருத்தரையும் விடாமல் எங்கள் கடையைச் சொல்லிவிட்டார். அவர்கள் வந்து இறங்கும்போதே கையைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், நான் ஒன்றையும் தொடவில்லை என்று காட்டுவதற்கு. ஒருத்தர் சீட்டில் காக்கை எச்சத்தைக்கூடத் துடைக்காமல் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக்காரர் ஆசையாகச் சாவிக்குக் கையை நீட்டினால், "தங்கச்சிகிட்டத்தான் குடுக்கணும்னு பாய் சொன்னாரு" என்பார்கள். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வேறு வண்டிக்குப் போவார். நான் சாவியை வாங்கிக்கொண்டு, எங்கே நின்றது, நின்றதும் என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். ஆமாம், நேராகத்தான் கேட்பேன். சத்தம் கொஞ்சம் கம்மியாக இருக்கும், அவ்வளவுதான்.

போன வாரம் பூக்கடை அண்ணாச்சி வந்தார். வண்டி மேட்டில் இழுக்கவில்லையாம். பழக்கத்தில் நேரே தொட்டில் பக்கம் போய்க் குனிந்தார். தொட்டில் சும்மா கிடந்தது. மகள் இப்போது நடக்கிறாள். தையல்கடையில் துணித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி காலியான தொட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சுற்றிப் பார்க்க வேறொன்றும் மிச்சமில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்துச் சாவியை நீட்டினார்.

"ஆளு வளந்து போயிட்டா, இனி ஒங்கிட்டத்தாம்மா சொல்லணும், ஒனக்குத்தான் வண்டி பேசுத பேச்சு வெளங்குது."

எனக்கு வெட்கம் இன்னும் போகவில்லைங்க. ஹெல்மெட்டுக்குள் போட்டு மூடித்தான் வைத்திருக்கிறேன், ஆனால் காற்றுப் போகக் கொஞ்சம் வழி விட்டு.